ஒன்பதாயிரம் லிட்டர்

இரவு ஒன்றே முக்காலுக்கு
எட்டியப்பன் கூப்பிட்டார்.
"இன்னாம்மா, போன்ல அட்ரஸ் இதான் காட்டுது.
இங்க சம்ப் ரொம்பி வழியுது.
தண்ணியே கேக்கலன்னு வாட்ச்மேன் கத்துறான்."
அவர் குரலுக்குப் பின்னால்
லாரியின் உறுமல்,
வேளச்சேரி நாய்கள்.

தண்ணீர் கேட்டவர் இருப்பது கொளத்தூரில்.
மாதவரத்தில் நிரப்பிய லாரி
தூங்கும் ஊரைக் குறுக்கே கடந்து
தென்கோடியில் போய் நிற்கிறது.

தலையணை மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன்.
'பதிவு செய்' என்று நீல நிறத்தில் ஒரு பொத்தான்.
கட்டைவிரல் அகலம்.
நேற்றுத்தான் கொளத்தூர்க் கிளை தொடங்கினோம்;
பழைய பக்கத்திலிருந்து அப்படியே பெயர்த்து
புதுப் பக்கத்தில் நட்டிருந்தார்கள்.
வயிற்றைக் கீறிப் பார்த்தால்
ஊர்: வேளச்சேரி
அளவு: ஒன்பதாயிரம்
விலை, வரி, விடுமுறை நாட்கள்,
போன வருஷமே மாற்றிவிட்ட ஒரு தொலைபேசி எண்.
எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு
ஒன்றும் அறியாததுபோல் நீலமாக இருந்தது.

எழுதியது யார் என்று தேடினேன்.
(வேலையை விட்டுப் போன இர்ஃபானாக இருக்கட்டும் என்று
சின்னதாக ஒரு வேண்டுதல்.)
என் பெயர்.
நான்கு வருஷத்துக்கு முந்தைய வியாழக்கிழமை,
மாலை ஆறு பத்து.
அப்போது ஒரே லாரி, ஒரே பேட்டை,
ஷேர் ஆட்டோவைப் பிடிக்கிற அவசரம்.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.
எடுத்த இடத்தில் வெறும் பெயர்கள்:
ஊர். அளவு. விலை.
எதிரே ஒன்றும் இல்லை.
பூண்டித் தண்ணீரா செம்பரம்பாக்கமா என்று
எந்தக் குழாய் கேட்கிறது?
பக்கம் கண் விழிக்கும்போது
மேலே ஒரே இடத்தில் அமைப்புகளைப் படித்து
அடுக்கடுக்காகக் கீழே இறக்கி
கேட்கிற உறுப்புக்குக் கேட்டதை மட்டும் கொடுக்கும்படி
வழி செய்தேன்.

ஆபீஸில் இதை இன்ஜெக்‌ஷன் என்போம்.
சேர்ந்த முதல் நாள் ஹெப்சிபா கேட்டாள்,
"வலிக்குமாக்கா?"
வலிக்கிறது,
பொத்தானுக்கு இல்லை.

சரி, மேலிருந்து யாரும் எதுவும் சொல்லாவிட்டால்?
விரல் 'வே' வரை போய்விட்டது.
அழித்தேன்.
சாம்பல் நிறத்தில் கிடக்கட்டும்.
எத்தனை முறை அழுத்தினாலும் அசையாமல்
சிவப்பில் ஒரே வரி காட்டட்டும்:
'எந்த ஊர் என்று எனக்குச் சொல்லப்படவில்லை.'

மூன்றரைக்குச் சோதனைகள் பச்சையாயின.
மாற்று லாரி கொளத்தூருக்குக் கிளம்பியது,
ஊரை வெளியிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு.

மறுபடி எட்டியப்பன்.
"எதிர் சந்துல ரெண்டு நாளா மோட்டார் ரிப்பேராம்.
லாரி சத்தம் கேட்டு
குடத்தோட வந்து நிக்கிறாங்கோ.
வால்வத் தொறக்கட்டா?"

எந்தக் கோப்பிலும்
அதற்கென்று ஒரு பெயர் இல்லை.
திறங்க என்றேன்.
தார் ரோட்டில் விழும் தண்ணீரும்
"நான்தான் முதல்ல" என்று ஒரு பெண் குரலும்
போனை வைக்கும்வரை கேட்டன.

ஒன்பதாயிரம் லிட்டரை
யார் கணக்கில் எழுதுவது என்று
காலையில் முதலாளி கேட்பார்.
என் பெயரை
நேராக உள்ளேயே எழுதிவிடச் சொல்வேன்.