தகுதியற்றது எனப் பரிந்துரை

ஐம்பது வருடம் ஆனால்தான் சரித்திரம்.
நாற்பத்தொன்பது என்றால் குப்பை.
எங்கள் மேலாளர் இதைச்
சிரிக்காமல் சொல்வார்.

மான்டானா, தென்கிழக்கு மூலை. ஜூன்.
முப்பது மீட்டர் இடைவெளி விட்டு
நான்கு பேர் ஒரே திசையில் நடக்கிறோம்,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு,
மோதிரம் தொலைத்த கல்யாண வீட்டார் போல.
வேலிக்கு அந்தப் பக்கம் இழுவாளி இயந்திரம்
கழுத்தை நீட்டிக் காத்திருக்கிறது.
அதன் பந்திக்கு
இலை துடைப்பவர்கள் நாங்கள்.

முதலில் ஒரு பால் டப்பா.
மூடியில் ஈயப்பொட்டு, கத்தி குத்திய இரண்டு துளைகள்.
1915 – 1930 என்று எழுதினேன்.
குடித்தது யார் என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

பத்தடி தள்ளி, இடிந்த நிலவறைக் குழி.
பத்திரப் பதிவு சொல்கிறது:
இங்கெபோர்க் த்வைட், முந்நூற்றிருபது ஏக்கர்,
1917இல் பட்டா, 1921இல் பெயர் இல்லை.
குழியின் விளிம்பில் ஒரு லைலாக் புதர்
யார் தண்ணீர் ஊற்றியது என்று தெரியாமல்
ஊதாவாய்ப் பூத்திருக்கிறது.
"தாவரம்: வெளியிலிருந்து வந்தது."
எழுதிவிட்டு விரலை முகர்ந்தேன்.

மேட்டுச் சரிவில் கல் வட்டங்கள்.
பதினொன்று.
கூடாரத் தோலின் ஓரத்தை அழுத்திப் பிடித்த கற்கள்,
பாதி மண்ணுக்குள், ஆரஞ்சு பாசியோடு.
மதியம் டார்வின் வந்தான், ஷெயேன் மக்கள் சார்பில் பார்வையிட.
இருபத்தாறு வயது. வண்டியிலிருந்து இறங்கும்போதே
தங்கையோடு போனில் சண்டை;
அவள் இதே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறாள்,
இரவு ஷிஃப்ட், நல்ல சம்பளம்.
சாண்ட்விச்சை வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து தின்றான்.
"உள்ளே நிழல் இருக்கிறதே" என்றேன்,
புதர் ஒன்றைக் காட்டி.
"கூப்பிடாமல் எப்படிப் போவது?"

பிறகு என்னிடம் ஒரு கொடி கேட்டான்.
கல்லுக்கெல்லாம் நட்டாயிற்று என்றேன்.
கல் இல்லாத இடத்தில் நட்டான்,
கிழக்கே, வட்டம் விட்டுப்போன ஓர் அடியில்.
கருவி பெயர் கேட்டது.
*வாசல்* என்று தட்டினேன்.
அலுவலகத்தில் அதை அழித்துவிடுவார்கள்.

ஓடைக்கரையில் பழைய சுரங்க வாய்.
அடுப்புக்காகப் பண்ணைக்காரர்கள்
மண்வெட்டியால் குடைந்தது.
பைன் தூணில் கரிக்கோடுகள்: நாலு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே,
வண்டி வண்டியாய் எண்ணிய கணக்கு.
இதற்குத் தகுதி உண்டு.
நிலக்கரி எடுத்த குழியை
நிலக்கரி எடுப்பதற்கு முன்
அளந்து, படம் பிடித்து,
ஒரு தூணை மட்டும் அருங்காட்சியகத்துக்கு அனுப்புவோம்.
டார்வின் சிரித்தான்.
எனக்கும் வந்தது. அடக்கவில்லை.

வட்டங்களுக்கும் தகுதி உண்டு.
ஒன்றில் ஒரு சதுர மீட்டர் தோண்டுவோம்.
மீதிப் பத்துக்கும் அறிக்கைதான் இருப்பிடம்.
லைலாக்குக்கு இல்லை.

மாலையில் திரும்பும் வழியில்
சேஜ் புதருக்குள் ஒரு கார் எண் பலகை.
துருவுக்கு நடுவே ஒட்டுவில்லை: 78.
விரல் விட்டு எண்ணினேன். நாற்பத்தெட்டு.
இருந்த இடத்திலேயே, இருந்தபடியே
முகம் மேலாக வைத்தேன்.

இன்னும் இரண்டு வருடம் கிடந்தால் சரித்திரம்.
இயந்திரம் இங்கே வந்து சேரப்
பதினெட்டு மாதம்.