ஒன்று விழுந்த இடம்

குவோப்பியோவில் நவம்பர் மாதம் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
நிலவறைக்கு அதனால் குறையொன்றுமில்லை.
இங்கே எப்போதும் டியூப்லைட்,
பழைய செய்தித்தாள்கள், நான்,
ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் முனகல்.

ஹில்லா ரௌத்தியோ படியிறங்கி வந்து
துண்டுச் சீட்டை நீட்டினாள்.
'ஏரிக்கரைத் தூதன்', 1893, மே 16, பக்கம் 3.
ஏரிப் பனி உடைந்த நாள் அதில் இருக்கிறதாம்.
"பதினோரு கட்டுரைகள் இதை மேற்கோள் காட்டியிருக்கின்றன.
பன்னிரண்டாவது என்னுடையது.
காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எதற்கு,
எல்லாம் அத்துபடி.
தாளைத்தான் பார்த்ததில்லை."

இந்தத் தொகுதியை இன்னும் ஸ்கேன் செய்யவில்லை,
முதுகு உடைந்துவிடும் என்று பயம்.
கன்றுக்குட்டியைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தேன்.
பின்னட்டை உறையில் பார்வையாளர் அட்டை.
ஒரே ஒரு கையெழுத்து:
ஓ. வௌஹ்கோனென், 1961.
அதற்குக் கீழே கோடு போட்ட வெறுமை.

நான் கணக்கில் புலியல்ல.
ஆனாலும் பதினோரு கட்டுரை, ஒரு கையெழுத்து.
மிச்சப் பத்துப் பேரும்
சுவரேறிக் குதித்தா படித்தார்கள்?
கேட்கவில்லை.
கேட்கிற வேலைக்கு எனக்குச் சம்பளமில்லை.

மூன்றாம் பக்கம்.
காணாமல் போன பசு. சோப்பு விளம்பரம்.
நடுவில் நகத்தளவு:
"ஞாயிறு, 14ஆம் தேதி, ஆராதனை முடிகிற நேரம்
பனி உடைந்தது. படகுத்துறைக்காரரின் நாய்
ஒரு பாளத்தின் மேல் நின்றபடி தெற்கே போயிற்று.
குரைக்கவில்லை. – கே."

"பதினாலா?"
மடிக்கணினியைத் திறந்தாள்.
வந்த வழியே பின்னோக்கிப் போனாள்.
வௌஹ்கோனென், 1962: பதினான்கு.
அடுத்தவர், 1974: நான்கு.
அச்சுக் கோத்தவர் விரலிடுக்கில்
ஓர் ஒன்று நழுவியிருக்கிறது, அவ்வளவுதான்,
பத்து நாள் பனி உருகிப் போயிற்று.

பிறகு நாலு, நாலு, நாலு.
இதழ் எண் பிசகவில்லை, பக்க எண் பிசகவில்லை,
மாதத்தை முறைப்படி சுருக்கி,
அடைப்புக்குறியைத் திறந்து, மறக்காமல் மூடி,
ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவர்
முப்பது வருஷம் நடந்திருக்கிறார்கள்
உடைந்த பனியின் மேல்.

1998ஆம் ஆண்டுக் கட்டுரை
அவளுடைய பேராசிரியர் பிரித்தா ஹல்மே எழுதியது.

ஹில்லா மின்னஞ்சல் எழுதினாள். அழித்தாள்.
மறுபடி எழுதினாள்.
நான் இயந்திரத்தின் தொட்டியில் நீர் ஊற்றிவிட்டு வந்தேன்,
நிறைந்தே இருக்கவில்லை அது.
நாலரைக்குப் பதில்:
"நானும் பார்க்கவில்லை.
திருத்திப் போடு. என் பெயரைச் சொல்லியே போடு."

போகும்முன் அட்டையில் கையெழுத்திட்டாள்,
வௌஹ்கோனெனுக்கு நேர் கீழே,
இடம் விடாமல்.

ஏப்ரலில் ஆய்விதழ் வந்தது.
முப்பத்தேழாம் அடிக்குறிப்பு.
தேதி சரி. பக்கம் சரி.
ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'கே.',
ஒற்றைப் புள்ளியோடு, மரியாதையாக.
நாயை மட்டும் காணோம்.
கட்டுரையைப் பரிசீலித்த யாரோ
தொடர்பற்ற தகவல் என்று வெட்டச் சொன்னாராம்.

இருக்கட்டும்.
இரண்டாம் பத்தி, பசுவுக்குக் கீழே, சோப்புக்கு மேலே,
அது இன்னும் குரைக்காமல்
தெற்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது.
வேண்டுமானால் இறங்கி வந்து பாருங்கள்.
ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவேன்.