அடுத்த ஞாயிறு எடுப்பவருக்கு

தியோ,
படகைக் கானத்தூர் கொட்டகையில் ஏற்றிவிட்டேன்.
அடைப்பானைக் கழற்றியிருக்கிறது, வயிற்றுத் தண்ணீர் வடியட்டும்.
ஸ்டீயரிங்கில் மஞ்சள் நூலில் தொங்குகிறது.
மாட்டாமல் இறக்காதே.
ஒருமுறை இறக்கினோம், ஞாபகம் இருக்கும்.
நம் செருப்புகள்
நமக்கு முன்னால் மிதந்து போயின.

எஞ்சினை உப்புப் போகக் கழுவினேன்.
போர் தண்ணீரில் இல்லை,
ஈசிஆரில் போர் தண்ணீரும்
கடலுக்கு ஒன்றுவிட்ட தங்கைதான்.
எட்டு கேன் வாங்கி நீல டிரம்மில் ஊற்றி
காலை முக்கி பத்து நிமிடம் ஓடவிட்டேன்.
உன் பங்கு நூற்றுநாற்பது ரூபாய்.

ஓடும்போது பின்னால் பொடித்துளையில்
தண்ணீர் பீய்ச்ச வேண்டும்.
ராயபுரம் முஸ்தாக் பாஷையில்
‘சின்னப் பையன் ஒண்ணுக்குப் போற மாதிரி’.
சொட்டினால் அணைத்துவிடு, அந்த நொடியே.
கம்பியால் துளையைக் குத்து, முகத்துவார மணலாக இருக்கும்.
அதற்கும் வரவில்லை என்றால் இம்பெல்லர்.
புதுப்பேட்டையில் பாதி விலைக்கு
அசலைப் போலவே ஒன்று தருவார்கள்.
மூன்றாவது வாரம் இறகு உதிர்க்கும்.

இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.
கரையிலிருந்து இரண்டு மைல்.
பாலவாக்கத்து அடுக்குமாடிகள் நகக்கண் அளவு.
எஞ்சின் இரண்டு தரம் இருமியது, செத்தது.
சாலைச் சத்தம் அவ்வளவு தூரம் வராது.
கடல் மட்டும் படகின் அடியில்
ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது.

ரப்பர்ப் பந்தை அமுக்கினேன், இறுகவே இல்லை.
டாங்க் மூடியில் காற்றுத் திருகைத் திறந்தேன்.
உஸ்ஸென்றது.
காரில் பெட்ரோல் வாசனை வருமென்று
மூடியிருக்கிறாய்.
நீ எதையும் வாசனை வராமல் மூடுகிறவன்,
பரவாயில்லை,
இறக்கும்போது திற.

அப்படியும் இரண்டாம் இருமல்.
ஃபில்டர் கிண்ணத்தில் பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர்
கோடு கிழித்தாற்போல் தனியாக.
இப்போதைய பெட்ரோலில் எத்தனால்,
நிற்கவிட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.
மூன்று வாரத்து மிச்சத்தைச்
சேர்த்து வைக்காதே, காருக்கு ஊற்றிவிடு.

கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது
ஒரு ஃபைபர் படகு பக்கத்தில் வந்தது.
‘இன்னா மேடம், கட்டி இஸ்துக்கினு போவட்டா?’
பத்து நிமிஷம் பார்க்கிறேன் என்றேன்.
அவர்களும் எஞ்சினை அணைத்துவிட்டு
பழைய சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள்.
கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான்
போனார்கள். கை கூட ஆட்டவில்லை.

புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தேன், கரைக்கு வந்து.
தண்டில் தூண்டில் நரம்பு ஒரு பிடி.
நல்லவேளை, சீல் அறுபடவில்லை.
கியர் எண்ணெய் பால்காபி நிறத்தில் வந்தால்
முஸ்தாக்கைக் கூப்பிடு, வியாக்கியானம் வேண்டாம்.
துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருக்கிறது.
யாரோ அதற்கும் வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள்.
யாரோ என்ன, நீதான்.
சுரண்டிவிட்டேன்.
கரைவதற்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, சிவப்புக் கயிறு.
ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்
பேட்டரியைத் திட்டுவதற்கு முன்
கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா பார்.
நீ மறுமுனையை ஸ்டீயரிங்கிலேயே கட்டிவைக்கிறாய்.
முடிச்சு உப்பில் இறுகி
அவிழ்க்க எனக்கு ஊக்கு தேவைப்பட்டது.
மணிக்கட்டில் மாட்டு, தியோ.
அலை தூக்கிப் போட்டால் நீ தண்ணீரில்,
படகு மாமல்லபுரம் பார்க்கப் போய்விடும்.
கையில் இருந்தால்
கிளிப் பிடுங்கி, எஞ்சின் நின்று
கொஞ்சம் தள்ளி
அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்
நீ நீந்தி வரும்வரை.

ஏகவல்லியக்காவுக்கு இந்த மாத வாடகை உன் முறை.
டார்ச்சுக்கு பேட்டரி வாங்கு.
பெரியது, இரண்டு.