பதினாறு டிகிரி

மண்டபத்திலும் பனிக்காலம் உண்டு.
ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
இறால் ஹாலை ஒட்டிய கணக்கு அறையில்.
சுவரில் சிவப்பாக எரியும் எண் 16.
மார்கழிக்கும் அதுதான், கத்திரி வெயிலுக்கும் அதுதான்.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த ரெக்ஸ்லின்
மஸ்கட்டுக்குப் போகும்போது ஒப்படைத்தவை:
சாவிக்கொத்து, ஸ்டாம்ப் பேடு,
திருநீற்றுப் பச்சிலை, மணி பிளான்ட், குரோட்டன்ஸ்.
பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

பச்சிலை நாலாம் நாள் கறுத்தது.
தீய்ந்த இலை,
நெருப்பில்லாத அறை.
மணி பிளான்ட்டை நான்தான் கொன்றேன்.
வாடுகிறதே என்று தினமும் ஊற்றினேன்,
அதுவும் கூலர் தண்ணீர்.
குளிரில் வேர் குடிக்காது.
தண்டு கூழாகி விரலோடு வந்தபோது தெரிந்தது.

மிச்சம் குரோட்டன்ஸ். பதினோரு இலை.
எண்ணுவதுதானே என் பிழைப்பு:
எத்தனை பெட்டி, எத்தனை கிலோ,
தலை எடுத்தது, எடுக்காதது.
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்
11, 10, 10, 8.

"ரெண்டு டிகிரி கூட்டினால் என்ன சார்?"
"உனக்கா, செடிக்கா?" என்றார் மேனேஜர் அபுதாகிர்.
ஒரே குழாயில் வருகிற குளிர் அது.
இறாலுக்கு வைத்ததில்
மிச்சம் எனக்கு.

ஒருமுறை வீட்டுக்குத் தூக்கிப் போனேன்.
மேலே ஸ்வெட்டர், மடியில் தொட்டி.
"அக்காவுக்கு ஊட்டிக்கா டிக்கெட்?" என்றான் கண்டக்டர்.
எங்கள் வாசலுக்கும் வடகடலுக்கும் நடுவே
ஒரு வலை காயும் இடம்தான்.
இரண்டு ராத்திரி வாடை அடித்தது.
விடிந்து பார்த்தால் இலையில் வெள்ளைப் பூச்சு.
நக்கிப் பார்த்தேன், கரித்தது.
உப்பு கருக்கிய ஓரமும்
குளிர் கருக்கிய ஓரமும்
பக்கத்தில் பக்கத்தில்.
எது எதுவென்று என்னால் பிரிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவந்தேன். 5.

பிறகு, உடைந்த தெர்மோகோல் மீன்பெட்டி ஒன்று கிடைத்தது.
குளிரை வெளியே விடாத பெட்டி
குளிரை உள்ளேயும் விடாது.
அடியில் சாக்கு, நடுவில் தொட்டி.
மேசைக்குக் கீழே முனகும் யூபிஎஸ்,
இந்த அறையில் சூடான ஒரே பொருள்.
அதன் தலையில் ஏற்றிவைத்தேன்.
பத்து நாளைக்கு ஒருதரம்
விரல் கணு வரை மண் காய்ந்திருந்தால் மட்டும்
பிளாஸ்க்கிலிருந்து அரை டம்ளர், வெதுவெதுப்பாக.
வளரவில்லை. உதிரவும் இல்லை.

அந்த வாரம்தான் டெல்பின் வந்தாள்,
உரிக்கிற மேசையிலிருந்து, உறையைக் கழற்றி.
விரல்கள் வெளுத்து ஊறி
நுனியில் உணர்ச்சி போயிருந்தது.
"சூடா எதுவும் இருக்கா?"
மேசைக்குக் கீழே காட்டினேன்.
குனிந்து உட்கார்ந்து
தொட்டியின் இரண்டு பக்கமும் உள்ளங்கை வைத்தாள்.
மறுநாள் இன்னும் இரண்டு பேர்.
டீ இடைவேளைக்கு முன்பே வரிசை நிற்கும்.
அபுதாகிர் சார் பார்த்தார்,
பார்க்காதது மாதிரி போனார்.

சித்திரையில் தடைக்காலம்.
படகுகள் கரையில் சாய்ந்தன, எண் அணைந்தது.
எனக்கு அரைச் சம்பளம்,
வாரத்தில் இரண்டு நாள் பழைய ரசீது சரிபார்க்க.
உரிப்பவர்களுக்கு அதுவும் இல்லை.
ஜன்னலைத் திறந்துவைத்தேன்.
மூன்றாம் வாரம் கொழுந்து விட்டது,
காயம் ஆறுகிற சிவப்பில்.
6. 8. 9.
மளிகைக் கடையில் டெல்பினைப் பார்த்தேன்,
கடன் நோட்டு புரண்டுகொண்டிருந்தது.
வாய்வரை வந்ததைச் சொல்லாமல்
சீனி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆனி பிறந்த மறுநாள் முதல் லோடு இறங்கியது.
ஹாலில் பெண்களின் சத்தம்.
மெஷின் உறுமி, சுவரில் எண் உயிர்த்து
31, 27, 22.
ஜன்னலைச் சாத்திவிட்டு சாக்கைத் தேடினேன்.
உறை மாட்டிய கையோடு டெல்பின் எட்டிப் பார்த்தாள்.
"எத்தனை?"
டிகிரியைக் கேட்டாளா, இலையையா,
தரவேண்டிய பாக்கியையா.
"பன்னிரண்டு" என்றேன்.
"பரவாயில்லையே" என்று
பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள்.