அரை மில்லி

சொட்டுமருந்துக் குழலில் ஒரே ஒரு கோடு, ஒரு மில்லிக்கு.
அதுவரை இழுத்தால் காற்றும் கூடவே வருகிறது.
தட்டித் தட்டி இறக்கிவிட்டு
கன்னத்து உட்பக்கமாய் விடுகிறேன்.
ரக்‌ஷித் முகம் சுளிக்கிறான்.
பள்ளிக்கூடத்துத் துருப்பிடித்த பைப்பில்
வாய்வைத்துக் குடித்தது என் நாக்கில் ஏறுகிறது.

எட்டு புள்ளி இரண்டு.
வேலம்பாளையம் ஆஸ்பத்திரியில்
அவன் விரலில் குத்தியெடுத்த சொட்டு அப்படிச் சொன்னது.
கீழிமையை இறக்கிக் காட்டினார் தமயந்தி சிஸ்டர்:
"பாருங் கண்ணு, ஷேடு பத்தாது."
அவர் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை.

நாலாம் நாள் துணி கருத்தது.
கிலோ கணக்கில் வாங்கிவந்து
சதுரமாய்க் கத்தரித்து வைத்த பனியன் வேஸ்ட்,
அத்தனையும் வெள்ளை.
செக்கிங் டேபிளில் எட்டு மணி நேரம்
குறை கண்ட இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் நான்.
எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை,
தையல் விட்ட இடம், ஒன்றும் தப்பாது.
இதற்கு எங்கே ஒட்டுவது?

"கருப்பாப் போனாப் பயப்பட வேண்டாமுங்க.
ஒடம்பு எடுத்தது போக மிச்சம் அது.
தண்ணியாப் போனாக் கூப்பிடுங்க."

தண்ணியாகத்தான் போனது,
ஒன்பதாம் நாள், அவர் நைட் ஷிஃப்ட் போன ராத்திரி.
ஆறு வரைக்கும் எண்ணினேன்.
பிறகு எண்ணவில்லை.
உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக
விடியும்வரை.

டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
உள்ளே ஓர் ஊரே குடியிருக்கிறது.
உன் பாலில் வளர்ந்தவர்கள் பரம சாது.
இரும்பு மிஞ்சினால்
வேறு சிலர் பந்திக்கு முந்திவிடுவார்கள்.
நாலு நாள் நிறுத்து. அப்புறம் பாதி கொடு.
பாலை மட்டும் நிறுத்தாதே.

கொடுத்தால் வயிறு கலங்கும்.
கொடுக்காவிட்டால் இமை வெளுக்கும்.
பஸ் பாலத்தில் ஊர்ந்தபோது நொய்யலைப் பார்த்தேன்.
எது வந்து விழுந்தாலும் வாங்கிக்கொண்டு
போய்க்கொண்டுதான் இருந்தது.
மடியில் அவன் என் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தான்.

அரை மில்லிக்குக் குழலில் கோடில்லை.
டேபிளில் இருந்து ஒரு ஸ்டிக்கர் கொண்டுவந்தேன்,
சூப்பர்வைசர் பார்க்காமல், முழங்கையில் ஒட்டி.
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக
குறையில்லாத ஓர் இடத்தில் அம்பை ஒட்டினேன்.

இன்று காலை துணி மறுபடியும் கருத்திருந்தது.
கெட்டியாக.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பாஸ், என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு
சோப்பைத் தேடினேன்.