வேறு ஏதாவது

ஓல்ட்டன் மருத்துவமனை, மூன்றாம் மாடி, செவ்வாய்க்கிழமை.
கதிரை மூன்றையும் முக்கோணமாகப் போடுவது
என் வேலையின் முதல் விதி.
ஒரு முனையில் டொக்டர் ஏஷ்லிமன்.
ஒரு முனையில் பரராஜசிங்கம், வயது அறுபத்திரண்டு,
முதியோர் இல்லத்துச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறவர்.
மிச்ச முனையில் நான்.
எனக்கு அங்கே பெயரில்லை, வாய் மட்டும்.

இரத்தத்தை இளக்கி வைக்கும் மாத்திரை, இரண்டு வருடமாக.
மாதம் ஒருமுறை விரலில் குத்தி எண் பார்ப்பார்கள்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கவேண்டிய எண்
இன்றைக்கு ஐந்து தசம் எட்டு.
முன்கையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்டல்.
எங்கே இடித்தது?
"தெரியேல்லை."
பல் விளக்கினால் முரசில் இரத்தம்?
"கொஞ்சம். பிறஷ் புதுசு."

டொக்டர் கேட்டார், நான் கேட்டேன்:
"வேற மருந்து ஏதும் எடுக்கிறியளோ?"
"இல்லை."
குடி?
"விட்டுப் பதினொரு வருஷம்."
மாத்திரையை மறதியில் இரண்டு தரம்?
சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தார்,
கிழமை எழுதிய ஏழு அறை.
கணக்குத் தப்பவில்லை.

டொக்டர் முதற்கேள்வியையே திரும்பக் கேட்டார்,
அதே சொற்களில், சற்று மெதுவாக.

அப்போதுதான் எனக்குக் கேட்டது.
அவர் வாக்கியத்தில் மருந்து இல்லை.
ஏதாவது என்றுதான் இருந்தது, வெறும் ஏதாவது.
மருந்தை அதற்குள் போட்டவள் நான்.
ஒன்பது வருடம், எத்தனை முக்கோணம்,
எத்தனை பேரிடம் இப்படி?

கூட்டாதே, குறைக்காதே என்பது இரண்டாம் விதி.
என் பிழை என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுத்
தமிழுக்குத் திரும்பினேன்:
"வேற ஏதாவது?
அவிச்சு, ஊறப்போட்டு, தேனிலை குழைச்சு,
வெறும் வயித்திலை..."
கூட்டித்தான் விட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.
"மருதம்பட்டை குடிக்கிறனான்.
அது மருந்தில்லையே பிள்ளை, பட்டை."
கல்யாண வீட்டில் பக்கத்துக் கதிரைக்காரர் சொன்னாராம்,
நெஞ்சுக்கு நல்லதென்று.
சூரிச் கடையில் வாங்கினது.
பக்கற்றில் மரத்தின் படம் இருக்கு, அளவு இல்லை.
எட்டுக் கிழமையாய், விடிய ஒரு கோப்பை.
"நெஞ்சு லேசாத்தான் கிடக்கு" என்றார்,
மரத்தை விட்டுக்கொடுக்காமல்.

மருதத்துக்கு என்னிடம் ஜெர்மன் இல்லை.
வயலும் வயல் சார்ந்த இடமும், ஊடலும் என்று
பள்ளிக்கூடத்தில் எழுதி எட்டுப் புள்ளி வாங்கியவள்
"ஆற்றங்கரை மரம்" என்றேன்.
ஜன்னலுக்குக் கீழே ஆரே
வேறு மரங்களோடு போய்க்கொண்டிருந்தது.

டொக்டர் சிரிக்கவில்லை. எழுதினார். எத்தனை கரண்டி என்றார்.
பிறகு:
"இரண்டும் ஒரே இரத்தத்தில்
ஊடுமா கூடுமா, எனக்குத் தெரியாது.
போதிய அளவு யாரும் அளந்து பார்க்கவில்லை.
பட்டையாய் இருக்கலாம்,
பக்கற்றில் பட்டையோடு கலந்த வேறொன்றாயும் இருக்கலாம்.
பட்டையை நிறுத்துங்கள். மாத்திரை இன்றும் நாளையும் வேண்டாம்.
வியாழன் மீண்டும் குத்திப் பார்ப்போம், பக்கற்றோடு வாருங்கள்.
மலம் கறுத்தால், தலை பிளந்தால்,
நடுச்சாமம் என்றாலும் வரவேண்டும்."

அந்தத் தெரியாதை
அதே எடையில் தமிழுக்குக் கொண்டுவந்தேன்.
அவர் டொக்டரை முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

லிஃப்டில் கேட்டார்:
"மூண்டு பக்கற் மிச்சம் கிடக்கு. எறியிறதோ?"
அறைக்கு வெளியே என் வாய்க்கு வேலையில்லை.
மூன்றாம் விதி.
"வியாழக்கிழமை கேளுங்கோ" என்றேன்.

ரயிலில் பதிவுத்தாள் நிரப்பினேன்.
நேரம், நாற்பது நிமிடம்.
குறிப்பு, ஒரு சொல் திருத்தம்.

பைக்குள் என் போத்தல் உருண்டது.
கறுவாப்பட்டை ஊறின தண்ணீர், சீனி வருத்தத்துக்கு,
மாத்திரைக்கு மேலதிகமாக.
மாசியில் என் டொக்டரும் கேட்டிருந்தார்,
வேறு ஏதாவது?
ஒன்றுமில்லை என்றேன்,
நல்ல ஜெர்மனில்,
நடுவில் ஆளில்லாமல்.