தொள்ளாயிரம் மில்லி

ஊரின் பெயரே ஓர் எண்: முப்பத்து மூன்று.
உருகுவேயின் கிழக்கே, ஒலிமார் ஆற்றங்கரை.
நான் விற்பதும் எண்தான், கினியேலா சீட்டு.
கனவில் நாய் துரத்தியது நிபியா என்பார்கள்,
நாய்க்குரிய எண்ணை எழுதிக் கிழித்துக் கொடுப்பேன்.
வீடு வீடாக, பண்ணை பண்ணையாக,
எண்பத்தேழாம் வருடத்து ஹோண்டாவில்.

ஜூலை. புல்வெளியெல்லாம் உறைபனி.
இருபது உதைக்கு ஒரு தும்மல், அவ்வளவுதான்.
பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி தோற்கும் கறுப்பு,
விரலில் பிசுக்கு வேறு.

எபேர் தன் கடைமேசையில் இரண்டு பெட்டி வைத்தான்.
"எட்டு குளிர்ந்தது. ஏழு சூடானது.
வாசலுக்கு வாசல் நிறுத்துகிறவள் நீ,
எட்டு சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறாய்.
குளிர்காலத்துக்கு ஏழு போடு."
பெரிய எண் எப்படிக் குளிர்ந்ததாகும்?
"ஜப்பான்காரன் கணக்கு அப்படி.
ஜெர்மன்காரன் பெட்டியில் தலைகீழ்."
எண்ணிலேயே சோறு தின்னும் எனக்கும்
தலை லேசாகச் சுற்றியது.

ஆயிலும் வாங்கினேன், லிட்டர் பாட்டில்.
கையேட்டின் ஓரத்தில் வால்டெமாரின் பென்சில்:
ஒன்று. எப்போதும்.
அதன்கீழ் ஒரு கோடு. அதன்கீழ் இன்னொன்று.
அவன் எதையும் அப்படித்தான் சொல்வான்.
வண்டியையும் என்னையும் விட்டு
மொண்டேவிடேயோவுக்குப் பஸ் ஓட்டப் போனபோதும்
இரண்டு கோடு போட்டுவிட்டுத்தான் போனான்.

அச்சில் இருப்பதோ வேறு. இரண்டு எண்கள்.
வடித்துவிட்டு ஊற்றினால் புள்ளி ஒன்பது.
என்ஜினைப் பிரித்து மாட்டி ஊற்றினால் ஒன்று புள்ளி ஒன்று.
நடுவில் உள்ள இருநூறு மில்லி எங்கே போயிற்று?
"எங்கேயும் போகாது," என்றான் எபேர்.
"வண்டியைச் சாய்த்துப் பார், விடிய விடியக் காத்திரு,
வராது. மூலைமுடுக்கில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்கும்.
புதிதாக ஊற்றுகிறவள்
அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்."

மாலை, என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே
அடித்திருகைக் கழற்றினேன்.
முதலில் கயிறாக விழுந்தது, பிறகு நூலாக,
பிறகு சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில்
மாத்தேவுக்கு வெந்நீர் வைக்க நேரமிருந்தது.
சமையலறைக் குவளையில் அளந்தேன்,
மாவு, சர்க்கரை, பால் என்று கோடு போட்ட குவளை.
தொள்ளாயிரம். நிறுத்தினேன்.
அளவுக் குச்சியைத் திருகாமல், சும்மா வைத்தெடுத்தேன்.
மேல்கோட்டில் எண்ணெய் நின்றது.
வால்டெமார் அந்தக் குச்சியைத் தொட்டே நான் பார்த்ததில்லை.

மீதி நூறு பாட்டிலுக்குள் மினுங்கியது.
அதையும் ஊற்றிவிடு, காசு கொடுத்தாயே என்று
கை அரித்தது.
பக்கத்து வீட்டு இரும்புக் கதவின் கீலுக்குக் கொஞ்சம் விட்டேன்.
மூடி வைத்தேன்.

வண்டிக்கடியில் எப்போதும் ஓர் அட்டை விரித்திருப்போம்.
பதினான்கு வருடம், அட்டைக்கு மேல் அட்டை:
குளிர்பெட்டி வந்த அட்டை,
பிறக்காமல் போன பிள்ளைக்கு வாங்கிய தொட்டிலின் அட்டை.
"பழைய வண்டி, ஒழுகத்தான் செய்யும்," என்பான்.
வருகிறவர்களிடம் நானும் அதையே சொல்வேன்.

காலையில் குனிந்து பார்த்தேன். அட்டை காய்ந்திருந்தது.
மறுநாளும்.
வெர்காரா வரை போய்ச் சேற்றோடு திரும்பிய பிறகும்.

ஒழுகவே இல்லை அது.
மிஞ்சி ஊற்றியதைத் துப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

புள்ளி ஒன்பது என்று
வால்டெமாருக்குக் கைபேசியில் தட்டினேன். அழித்தேன்.
திரும்பத் தட்டவில்லை.
கோடிவீட்டு எர்மெலிந்தா அன்றைக்குக்
கனவில் எண்ணெய் கண்டதாக வந்து நின்றாள்.
எண்ணெய்க்கு எண் எனக்குத் தெரியாது.
ஒன்பது என்றேன். விழவில்லை.

கழற்றிய எட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்தது,
விற்காத சீட்டொன்றில் சுற்றி என் கோட்டுப் பையில் இருக்கிறது.
ஜனவரி வெயில் ஏறும்போது மாற்ற வேண்டும்,
முதல் நாலு சுற்று விரலால், பிறகுதான் சாவியால்.
மறந்துவிடாமலிருக்கக் கையேட்டின் ஓரத்தில் எழுதினேன்,
அவன் எழுத்துக்குக் கொஞ்சம் தள்ளி.
கோடு போடவில்லை.